இரண்டு எட்டு தள்ளி நின்று இன்னொரு படம்

தென்காசியில் பஸ் ஏறிக் குற்றாலத்துக்குப் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். மின்கம்பங்கள் விர்ரென்று பின்னால் ஓடும். வயலுக்கு நடுவே நிற்கும் தென்னைகள் கொஞ்சம் நிதானமாகப் பின்வாங்கும். மலை மட்டும் விடாது; மேலகரம் தாண்டியும் நம்மோடு கூடவே வரும். கிட்டே இருப்பது வேகமாக நகர்கிறது, எட்ட இருப்பது மெதுவாக நகர்கிறது. குழந்தைகள் சட்டென்று கவனித்துச் சொல்லும் இந்த ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டு, செல்போனில் எடுத்த சாதாரணப் படங்களிலிருந்து ஒரு கோபுரத்தையே கம்ப்யூட்டருக்குள் எழுப்பிவிட முடிகிறது. அதைச் சுற்றி வரலாம், கிட்டே போய்ப் பார்க்கலாம், வேண்டுமென்றால் மேலே ஏறி நின்று ரத வீதியை எட்டிப் பார்க்கலாம்.

நம் கண்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன. இரு கண்களுக்கும் நடுவே ஏறத்தாழ ஆறரை சென்டிமீட்டர் இடைவெளி. அதனால் இரண்டிலும் விழும் படம் துளி வேறுபடும். அந்த வேறுபாட்டை மூளை ஆழமாக மாற்றிக்கொள்கிறது. சந்தேகமிருந்தால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோர்த்துப் பாருங்கள். ஆனால் தென்காசி காசி விசுவநாதர் கோயில் ராஜகோபுரத்தின் உயரம் சுமார் 180 அடி. அதன் உச்சிக் கலசத்தைப் பார்க்க ஆறரை சென்டிமீட்டர் எந்த மூலைக்கு? இரண்டு கண்ணிலும் ஏறக்குறைய ஒரே படம்தான் விழும். ஒரு கண்ணைத் தேரடியிலும் இன்னொன்றை இருபது அடி தள்ளியும் வைக்க முடிந்தால் கதையே வேறு. நம்மால் முடியாது, கேமராவால் முடியும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். நின்ற இடத்திலேயே நின்று உடம்பைச் சுழற்றி எடுக்கும் பனோரமா வேறு, இது வேறு. பனோரமா எவ்வளவு அகலமாக இருந்தாலும் தட்டையான படம்தான். பஸ் நின்றால் தென்னையும் நின்றுவிடும். ஆழம் கிடைக்க வேண்டுமானால் கேமரா இடம் மாற வேண்டும்.

இடம் மாறி மாறிப் படமெடுப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைப் பதிவு செய்ய முனைந்தார். ஒரே படத்தில் அவை அடங்கவில்லை. பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டவைத்து, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரு படச்சுருளாக்கினார். அவருக்கு வேண்டியிருந்தது எழுத்து, ஆழமல்ல. அதே 1858-இல் ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில் ஒரு தேவாலயத்தை அளக்க மேலே ஏறிய ஆல்பிரெக்ட் மைடன்பாவர் என்ற இளைஞர் தவறி விழப் பார்த்தார். இவ்வளவு உயரம் ஏறித்தான் அளக்க வேண்டுமா, படத்தை வைத்தே அளக்கக்கூடாதா என்று அவருக்குத் தோன்றியது. வாழ்நாள் முழுக்க அந்தக் கேள்வியோடேயே வாழ்ந்து, படத்தால் அளக்கும் கலையை அவர் ஒரு துறையாகவே வளர்த்தார். அந்தக் காலத்தில் அதற்குத் தனிக் கேமராவும், கேமரா நின்ற இடத்தின் துல்லியமான அளவும் வேண்டும். இன்று இரண்டும் வேண்டாம். கேமரா எங்கே நின்றது என்பதையும் கம்ப்யூட்டரே படங்களிலிருந்து கண்டுபிடித்துவிடுகிறது.

எப்படி என்று தென்காசிக் கோபுரத்தை வைத்தே பார்ப்போம். கோபுரத்துக்கு முன்னால் வீதியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெல்ல நடந்துகொண்டே, இரண்டு எட்டுக்கு ஒரு படமாக அறுபது படம் எடுத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். கம்ப்யூட்டருக்குக் கோபுரம் என்றால் என்னவென்று தெரியாது. அது ஒவ்வொரு படத்திலும் தனித்துத் தெரியும் சின்னச் சின்ன இடங்களைப் பொறுக்குகிறது. சுதைச் சிற்பத்தின் கிரீட நுனி, மாடத்தின் மூலை, சாயம் உதிர்ந்த ஒரு திட்டு இப்படி. வெறும் சுவரை அது தொடாது. அங்கே அடையாளம் சொல்ல ஒன்றுமில்லை. பொறுக்கிய ஒவ்வொரு இடத்துக்கும், சுற்றிலும் வெளிச்சமும் நிழலும் எந்தெந்தப் பக்கம் மாறுகின்றன என்பதை எண்களாக்கி, ஒரு அங்க அடையாளம் எழுதி வைக்கிறது. கனடா நாட்டுப் பேராசிரியர் டேவிட் லோ 1999-இல் அறிமுகப்படுத்தி 2004-இல் செம்மைப்படுத்திய முறையில் ஒரு புள்ளிக்கு 128 எண்கள். படம் சாய்ந்திருந்தாலும், கிட்டேயிருந்தோ எட்டேயிருந்தோ எடுத்திருந்தாலும், அந்த எண்கள் பெரிதாக மாறுவதில்லை. அதுதான் அந்த முறையின் கெட்டிக்காரத்தனம்.

பிறகு ஜோடி சேர்க்கும் வேலை. ஏழாவது படத்திலுள்ள கிரீட நுனியும் எட்டாவது படத்திலுள்ள கிரீட நுனியும் ஒன்றா? இதில் தப்பும் நடக்கும். கோபுரத்தின் இடப்பாதிக்கும் வலப்பாதிக்கும் சாயல் ஒன்று. ஒரு நிலைக்கும் அடுத்த நிலைக்கும் சாயல் ஒன்று. அதனால் கம்ப்யூட்டர் எந்த ஜோடியையும் தனியாக நம்புவதில்லை. கேமரா இன்ன இடத்திலிருந்து இன்ன இடத்துக்கு நகர்ந்திருக்க வேண்டும் என்று ஊகித்து, அந்த ஊகத்துக்கு எத்தனை ஜோடிகள் ஒத்துப்போகின்றன என்று எண்ணுகிறது. அதிகம் பேர் ஒத்துக்கொள்ளும் ஊகம் நிற்கிறது. ஒத்துவராத ஜோடிகள் கழிக்கப்படுகின்றன. ஊர்ப் பஞ்சாயத்தில் சாட்சி விசாரிக்கிற மாதிரிதான்.

கடைசியில் வருவது இழுத்துக் கட்டும் வேலை. கயிற்றுக் கட்டில் பின்னுபவரைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கயிற்றை இழுத்தால் இன்னொன்று தளரும். அதை இழுத்தால் வேறொன்று. சுற்றிச் சுற்றி வந்து, எல்லாக் கயிறும் ஒரே விறைப்புக்கு வரும்வரை விடமாட்டார். அறுபது கேமரா இடங்களும் பல்லாயிரம் புள்ளிகளும் இங்கே கயிறுகள். ஊகித்த இடத்தில் ஒரு புள்ளி இருந்தால் இருபதாவது படத்தில் எங்கே விழ வேண்டும், நிஜத்தில் எங்கே விழுந்திருக்கிறது என்று ஒப்பிட்டு, அந்த வித்தியாசம் எல்லாப் படங்களிலும் குறையும்வரை அத்தனை இடங்களையும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே இருக்கும். முடிந்ததும் திரையில் கோபுர வடிவில் ஒரு புள்ளிக்கூட்டம் மிதக்கும். அதற்கு எதிரே, நீங்கள் நடந்த வழியில் வரிசையாக அறுபது குட்டிக் கேமராக்கள் நிற்கும். எந்த இடத்தில் ஆட்டோவுக்கு வழிவிட்டு ஒதுங்கினீர்கள் என்பதுகூட அந்த வரிசையின் நெளிவில் தெரிந்துவிடும்.

புள்ளிகளை அடர்த்தியாக்கி, மேலே தோல் போர்த்தி, படங்களின் நிறத்தைப் பூசினால் முழு உருவம் தயார். 2023-இல் பிரான்ஸ் ஆய்வாளர்களின் முயற்சியில் வந்த காசியன் ஸ்பிளாட்டிங் என்ற முறையில் தோலே கிடையாது. ஒளி ஊடுருவும் நிறத் துளிகள் லட்சக்கணக்கில் காற்றில் தொங்கி, சேர்ந்து பார்க்கும்போது காட்சியாகத் தெரியும். குற்றாலத்துக்காரர்களுக்குச் சாரல் என்றால் புரிந்துவிடும்.

அந்தக் குற்றாலத்துக்கு வருவோம். சீசனில் பேரருவி முன்னால் ஆயிரம் செல்போன்கள் ஒரே திசையில் படமெடுக்கின்றன. படத்துக்குப் பஞ்சமில்லை. அவற்றைக் கொடுத்தால் அருவி கிடைக்குமா? கிடைக்காது. இந்த முறையின் ஆதார நிபந்தனை, பார்க்கப்படுவது அசையக்கூடாது என்பது. பொங்குமாங்கடலில் விழுந்து பொங்கி மறுபடி கீழே பாயும் தண்ணீர், ஒரு படத்தில் இருந்த மாதிரி அடுத்த படத்தில் இருப்பதில்லை. அதன் புள்ளிகளுக்கு இரண்டாவது சாட்சி கிடையாது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு முண்டியடிக்கும் கூட்டமும் அப்படியே. எல்லாம் கழிந்த பிறகு மிஞ்சுவது பாறையும் தடுப்புக் கம்பியும்தான். தண்ணீர் இருந்த இடத்தில் ஓட்டை விழும், அல்லது வெள்ளையாக ஒரு மூட்டம் படியும். குளிப்பவர்களின் முகம் தானாகவே கழிந்துபோவது ஒருவகையில் நல்லதுதான்.

ஆக, பேரருவிப் பாறையைப் பதிவு செய்ய ஏற்ற காலம் கூட்டம் அலைமோதும் ஜூலை அல்ல. யாரும் எட்டிப் பார்க்காத கோடை. தண்ணீர் நூலாக மெலிந்து, பாறையில் செதுக்கிய சிவலிங்கங்கள் துலங்கும் நாட்களில்தான் அங்கே இந்த வேலை நடக்கும். ஒரு வேடிக்கை, கோபுரத்துக்குச் சாரல் காலமே உகந்தது. வெயில் அடித்தால் நிழல் நகர்ந்துகொண்டே இருக்கும். மேகம் மூடிய வானம் எல்லாப் பக்கமும் ஒரே வெளிச்சம் தரும். சுவர் நனைந்து பளபளக்காமல் இருந்தால் போதும். குற்றாலநாதரின் சித்திரசபை ஓவியங்களையோ தென்காசிக் கோயிலின் உள் சிற்பங்களையோ நாமே இப்படி எடுக்க முடியாது. கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. நமக்கு எஞ்சியது வீதியும் கோபுரமும்.

இந்த வித்தையை ஊரறியச் செய்தது 2006-இல் நோவா ஸ்னேவ்லி, ஸ்டீவன் சைட்ஸ், ரிச்சர்ட் செலிஸ்கி மூவரும் வெளியிட்ட ஆய்வு. தாங்களாகப் படம் எடுக்காமல், இணையத்தில் சுற்றுலாப் பயணிகள் போட்டிருந்த படங்களை அள்ளி, பாரிஸின் நோத்ர தாம் தேவாலயத்தை அவர்கள் மீட்டெடுத்தார்கள். அடுத்த 3 ஆண்டுகளில் ரோம் நகரின் ஒன்றரை லட்சம் படங்களை ஒரே நாளுக்குள் கோத்துக் காட்டியது வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு. இந்தியாவில் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை ஹம்பியை மையமாக வைத்து ஒரு டிஜிட்டல் பாரம்பரியத் திட்டத்தை நடத்தியது. ஹம்பிக் கோயில்களைப் படங்களிலிருந்து எழுப்பும் ஆய்வில் ஹைதராபாத் ஐஐஐடி ஈடுபட்டது. 2020-இல் தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தில் கிராமத்து வீட்டு மனைகளை அளக்க ட்ரோன்கள் எடுப்பதும் ஒன்றின்மேல் ஒன்று கவியும் இதே மாதிரிப் படங்களைத்தான்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கொல்லையில் சும்மா கிடக்கும் ஆட்டுக்கல் போதும். கொத்திய கல்லின் ஒவ்வொரு பள்ளமும் ஒரு அடையாளம். அதைச் சுற்றி ஒரு வட்டம் இடுப்பளவு உயரத்தில், இன்னொரு வட்டம் தலைக்கு மேலே கையைத் தூக்கி. வட்டத்துக்கு இருபது படம். ஒரு படத்தில் தெரிந்ததில் முக்கால் பங்காவது அடுத்த படத்திலும் தெரிய வேண்டும். ஜூம் செய்யக்கூடாது, கிட்டே வேண்டுமானால் நடந்து போகவும். கல்லை நகர்த்தவே கூடாது. கோல்மாப், மெஷ்ரூம் போன்ற இலவச மென்பொருள்களில் படங்களைக் கொடுத்துவிட்டு, ஒரு காபி குடித்து வந்தால் ஆட்டுக்கல் திரையில் சுழலும். அதே ஆர்வத்தில் எவர்சில்வர் குடத்தை எடுத்தால் ஏமாற்றம்தான். குடத்தின் மேல் தெரிவது குடமல்ல, எதிரே நிற்கும் நீங்களும் வாழைமரமும். நீங்கள் நகர நகர அந்தப் பிம்பமும் நகரும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். படங்களுக்கு அளவு தெரியாது. 180 அடிக் கோபுரத்துக்கும் கொலுப்படியில் வைத்த அரையடிக் கோபுரத்துக்கும் கணக்கு ஒன்றேதான். அதனால் ஆட்டுக்கல் பக்கத்தில் ஒரு ஸ்கேலைப் போட்டு வையுங்கள். கோபுரமென்றால் வாசல் அகலத்தை டேப் பிடித்து அளந்து கொடுங்கள். அந்த ஓர் அளவு தெரிந்தால் மற்ற எல்லாமே அளவாகிவிடும்.

படங்களை எங்கே வைப்பது என்பதும் சின்ன விஷயமல்ல. இப்படி முப்பரிமாணக் காட்சிகளை யாரும் உண்டாக்கிப் பகிரலாம் என்று 2008-இல் மைக்ரோசாஃப்ட் ஃபோட்டோசிந்த் என்ற தளத்தைத் திறந்தது. உலகமெங்கும் ஆட்கள் தங்கள் ஊர்களை ஏற்றினார்கள். 2017-இல் தளம் மூடப்பட்டது. ஏற்றிய காட்சிகளும் போயின. மூலப் படங்களைக் கையில் வைத்திருந்தவர்கள் வேறு மென்பொருளில் மறுபடி கோத்துக்கொண்டார்கள். அதனால் மூலத்தைப் பத்திரப்படுத்துவது முக்கியம். வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்த படம் மூலமல்ல. அது படத்தைச் சுருக்கி, லென்ஸ் விவரங்களையும் உதிர்த்துவிடும்.

இதெல்லாம் எதற்கு? ஆப்கானிஸ்தானின் பாமியான் புத்தர் சிலைகள் 2001 மார்ச்சில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. ஆர்மின் குரூன் தலைமையிலான சூரிச் குழு பெரிய சிலையைக் கம்ப்யூட்டரில் மீட்டபோது, துல்லியம் தந்தவை 1970-இல் ஆஸ்திரியப் பேராசிரியர் ஒருவர் அளவைக் கேமராவில் எடுத்திருந்த வெறும் மூன்று படங்கள். வெவ்வேறு இடங்களில் நின்று எடுத்த மூன்று படங்கள்.

தென்காசிக்கு இது தூரத்துக் கதையல்ல. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி இந்தக் கோபுரம் சிதைந்து மொட்டையாகத்தான் நின்றது. இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் ஒன்பது நிலைக் கோபுரம் புதிதாக எழும்பிக் குடமுழுக்குக் கண்டது 1990-இல். 1446-இல் கோயில் திருப்பணியைத் தொடங்கிய பராக்கிரம பாண்டியன் இப்படியொரு நாள் வரும் என்று நினைத்திருப்பான் போலும். பின்னாளில் இந்தக் கோயிலில் பழுது நேர்ந்தால் அதைத் திருத்துவோரின் பாதம் பணிவதாகக் கல்வெட்டுப் பாடலில் எழுதி வைத்திருக்கிறான். திருத்த வருபவருக்கு முதலில் தெரிய வேண்டியது, பழுதுக்கு முன் அது எப்படி இருந்தது என்பதுதான்.

அந்த விவரம் அரசு ஆவணக் காப்பகத்தில்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. மொட்டைக் கோபுரம் பின்னால் மங்கலாகத் தெரிய, மாப்பிள்ளையும் பெண்ணும் முன்னால் விறைத்து நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று தென்காசியில் ஏதோ ஒரு வீட்டு பீரோவில் இருக்கலாம். பக்கத்துத் தெரு வீட்டில், வேறொரு கல்யாணத்தில், நாலடி தள்ளி நின்று எடுத்த இன்னொன்று இருக்கலாம். இரண்டு வீட்டுக்காரர்களும் ஒருவரையொருவர் அறியாமலிருக்கலாம். பின்னால் நிற்கும் கோபுரத்துக்கு இரண்டு சாட்சி கிடைத்துவிட்டது.