காசு வந்த வழி – 9: மன்னர் தலை இல்லாத முதல் காசு

1947 ஆகஸ்ட் 15-ல் நாட்டுக்குச் சுதந்திரம் வந்துவிட்டது. காசுக்கு வர இன்னும் மூன்று வருடம் ஆனது. அதுவரை மளிகைக் கடையில் கைமாறியது ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலைதான். பாகிஸ்தான் 1948-லேயே சொந்தக் காசு வெளியிட்டுவிட்டது. நம் அரசு பழைய ஏற்பாட்டையே தொடர்ந்தது. 1948, 1949 என்று வருடம் பொறித்த இந்திய அரசுக் காசு கிடையவே கிடையாது. யாராவது அப்படி ஒன்றை நீட்டினால் விலை கேட்காமல் நகர்ந்துவிடுங்கள். (சமஸ்தானக் காசுகள் வேறு கணக்கு, கட்ச் காசில் ‘ஜெய் ஹிந்த்’தே உண்டு.)

குடியரசின் முதல் வரிசை 1950 ஆகஸ்ட் 15-ல் வந்தது. ரூபாய், அரை ரூபாய், கால் ரூபாய், இரண்டணா, ஓரணா, அரையணா, காலணா என்று மொத்தம் ஏழு. ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்கு நாலு காலணா என்ற கணக்கில் மாற்றமில்லை. இரண்டணா சதுரமாகவும் ஓரணா நெளிந்த விளிம்போடும் முன்போலவே இருந்தன. மாறியது முகம். மன்னர் இருந்த இடத்தில் சாரநாத் சிங்கங்கள் வந்து அமர்ந்தன.

1947 ரூபாயின் பின்பக்கம் ஒரு புலி நடந்துபோகும். 1950 ரூபாயில் அது இல்லை. எண் 1-க்கு இரு பக்கமும் தானியக் கதிர்கள். வங்கப் பஞ்சம் முடிந்து ஏழே வருடம், ஊரெங்கும் ரேஷன். அந்த நேரத்தில் புலியை எடுத்துவிட்டுக் கதிரை வைத்தது என்னை இன்றும் நெகிழவைக்கிறது. நம் காசுகளிலேயே அழகானது இதுதான் என்பேன்.

காலணாவில் குதிரை, அணாக்களில் காளை. இரண்டும் சாரநாத் தூணிலிருந்தே வந்தவை. தேய்மானம் குறைந்த ரூபாய் ஒன்றைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். சிங்கங்களின் காலடிப் பீடத்தில் நடுவே சக்கரம், வலப்புறம் காளை, இடப்புறம் குதிரை.

சேர்க்கத் தொடங்குபவர் முதலில் வாங்க வேண்டியது ஒரு சின்னக் காந்தம். ரூபாய், அரை, கால் மூன்றும் சுத்த நிக்கல்; காந்தத்தில் ஒட்டும். அணாக் காசுகள் செம்பும் நிக்கலும் கலந்தவை, ஒட்டாது. போர்க்காலத்தில் அமெரிக்காவிடம் கடன் வாங்கிய வெள்ளியைத் திருப்பித் தர வேண்டியிருந்ததால், வெள்ளி ரூபாய் அடிப்பது குடியரசு பிறக்கும் முன்பே நின்றுபோயிருந்தது. ‘1950 வெள்ளி ரூபாய்’ என்று ஆசை காட்டுபவரிடம் காந்தத்தை வைத்துக் காட்டினால் போதும்.

1950 காசில் வருடத்துக்குக் கீழே சிறு வைர வடிவமோ புள்ளியோ இருந்தால் பம்பாய் நாணயச்சாலை. ஒன்றும் இல்லையென்றால் கல்கத்தா. காலணாவில் தடிமனையும் கவனியுங்கள். போர்க்கால ஓட்டைக் காலணாவுக்குப் பிறகு வந்த 1950 காலணா கையில் கனமாக இருக்கும். அடுத்த வருடங்களில் அது மெலிந்துபோனது. ரூபாய் வேண்டுமென்றால் 1950, 1954 என இரண்டே வருடம்தான். அதன் பிறகு 1962 வரை ரூபாய் நாணயமே அடிக்கவில்லை, நோட்டுதான் ஓடியது.

பம்பாயில் சேகரிப்பாளர்களுக்கென்றே பளபளப்பாக அடித்த 1950 தொகுப்பு இருக்கிறது. விலை அதிகம், போலியும் உலவுகிறது. நான் பரிந்துரைப்பது புழங்கித் தேய்ந்த காசுகளைத்தான். கடைக்கும் சந்தைக்கும் போய்வந்த காசு அது, வாங்கவும் கைக்கு எட்டும். ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: வெண்கலக் காலணாவைக் குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்க்காதீர்கள். எழுபது வருடம் படிந்த அந்தப் பழுப்பு நிறம் போனால் திரும்ப வராது. விலையும் பாதியாக விழும்.

இந்த ஏழு காசுகளின் ஆட்சி நீண்ட நாள் நிலைக்கவில்லை. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு நயா பைசா. அரை ரூபாய் ஐம்பதாகவும் கால் ரூபாய் இருபத்தைந்தாகவும் சுலபமாக மாறின. ஓரணாவுக்கு ஆறேகால் நயா பைசா. அந்தக் காலை யார் விட்டுக்கொடுப்பது என்று கடைக்குக் கடை தகராறு. அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)