பையன்களும் பண்டிதரும்

(‘பந்தும் பக்தர்களும்’ – 7)

சென்ற வாரம் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து ஆட்டக்காரர் எரிக் கான்டொனாவை, லண்டன் ஸெல்ஹர்ஸ்ட் பார்க் மைதானத்தின் ஓரத்தில், தம்மை ஏசிய எதிர்க்கோஷ்டி அபிமானி ஒருவர்மீது பாய்ந்து உதைத்த கோலத்தில் விட்டுவிட்டு வந்தோம். 1995ஆம் வருஷம் ஜனவரி 25ஆம் தேதி நிகழ்ந்த அந்தச் சம்பவத்துக்குத் தண்டனையாகச் செப்டம்பர் முடிவு வரையில் அவர் ஆட்டத்திலிருந்து விலக்கிவைக்கப்பட, அவரில்லாத மான்செஸ்டர் யுனைடெட் கோஷ்டி, மே மாதத்தில் லீக் பட்டத்தை ப்ளாக்பர்னிடம் ஒரே ஒரு புள்ளியில் இழந்து, அந்த விசனம் ஆறுவதற்குள் எவர்ட்டனிடம் எஃப்.ஏ. கோப்பையையும் ஒரு கோலில் பறிகொடுத்து, வெறுங்கையுடன் கோடைக்குள் பிரவேசித்தது. தோற்ற ஆட்டக்காரர்கள் கடற்கரைக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். ரசிகர்களுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது.

அந்தக் கோடையிலேதான் விவகாரம் முற்றியது. நடுக்களத்தைத் தாங்கி நின்ற பால் இன்ஸ், ஏறக்குறைய 70 லட்சம் பவுனுக்கு இத்தாலியின் இன்டர் மிலானுக்கு விற்கப்பட்டார். பல்லாண்டு அபிமானத்துக்குப் பாத்திரமான மார்க் ஹியூஸ் செல்ஸிக்குப் போனார். வலப்புற ஓரத்தில் மின்னலாய் ஓடிய காஞ்செல்ஸ்கிஸ், எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தாற்போல, கோப்பையைப் பறித்த அதே எவர்ட்டனுக்குச் சென்று சேர்ந்தார். மூவரின் ஸ்தானத்துக்கும் பேர் பெற்ற ஆட்டக்காரர் ஒருவரையும் மேனேஜர் அலெக்ஸ் பெர்கூஸன் விலைக்கு வாங்கவில்லை. ‘மான்செஸ்டர் ஈவினிங் நியூஸ்’ பத்திரிகை, இவரை உத்தியோகத்திலிருந்து நீக்கலாமா என்று வாசகர்களிடம் வாக்குக் கேட்டபோது, நீக்கலாம் என்றவர்களே பாதிக்கு மேற்பட்டிருந்தார்கள். இரண்டு வருஷம் அடுத்தடுத்து லீக் பட்டமும், அவற்றில் ஒரு வருஷம் கோப்பையும் சேர்த்துக் கொணர்ந்து கொடுத்த மனிதரைப் பற்றிய அபிப்பிராயம் அது! இன்று அந்த ஊரில் யாரை விசாரித்தாலும், அந்த மூவரின் இடத்தில் களமிறக்கப்பட்ட வாலிபப் பையன்களிடம் தமக்கு ஆதி முதலே நம்பிக்கை இருந்ததென்றுதான் சொல்வார்கள்; அந்த வாக்குகளை அளித்தவர்கள் எங்கே போய் ஒளிந்துகொண்டார்கள் என்பது சரித்திர ஆராய்ச்சிக்குரிய விஷயம்.

வாதம் நடந்த சபைகள் பலவகை. மதுச்சாலை மேஜைகள் ஒன்று. ஆட்டத்தன்று மைதான வாசலில் ரசிகர்களே அச்சிட்டு விற்ற ‘ரெட் நியூஸ்’, ‘யுனைடெட் வீ ஸ்டாண்ட்’, ‘ரெட் இஷ்யூ’ முதலான சிறு பத்திரிகைகள் மற்றொன்று. சனிக்கிழமை மாலையில் தொலைபேசியில் அழைத்தவர்களையெல்லாம் பேசவிட்ட பி.பி.சி. வானொலி நிகழ்ச்சி இன்னொன்று. போதாக்குறைக்கு, ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தின் வடபுறத்து ஸ்டாண்டை இடித்துப் புதுப்பிக்கும் வேலையும் அவ்வருஷமே நடந்தபடியால், வழக்கமாக 43,000 பேர் கூடிய இடத்தில் பருவத்தின் முதல் உள்ளூர் ஆட்டத்தை 32,000 பேர்கூடக் காணவில்லை. உள்ளே இடமற்றுப் போனவர்கள் வெளியே நின்று பேசுவதற்கு நேரம் ஏராளம்.

இந்தச் சபைகளில் இரு கட்சிகள் இருந்தன. இன்ஸையும் ஹியூஸையும் அனுப்பிவிட்டு, மீசை அரும்பாத வாலிபர்களைக் களத்தில் இறக்குவது தற்கொலைக்குச் சமானம் என்பது ஒரு கட்சி. மற்றக் கட்சியில் தலை நரைத்தவர்கள் அதிகமாயிருந்ததே விசேஷம். 1950களில் மாட் பஸ்பி வளர்த்தெடுத்த இளைஞர் கோஷ்டி 1956லும் 1957லும் லீக் பட்டம் வென்றதையும், 1958 பிப்ரவரி 6ஆம் தேதி ம்யூனிக் விமான விபத்தில் எட்டு ஆட்டக்காரர்கள் மாண்டு அந்தக் கோஷ்டி சிதைந்ததையும் கண்ணால் கண்ட தலைமுறை அது. மாண்டவர்களுள் ஒருவரான டங்கன் எட்வர்ட்ஸ் இருபத்தொரு வயதிலேயே போய்ச் சேர்ந்ததை மறக்க முடியாதவர்களுக்கு, இருபது வயதுப் பையனிடம் பொறுப்பை ஒப்படைப்பது அசட்டுத் துணிச்சலாகத் தோன்றவில்லை. அந்தக் கழகத்தின் சம்பிரதாயமாகவே தோன்றியது.

இவ்வாறிருக்கையில் ஆகஸ்ட் 19ஆம் தேதி பர்மிங்ஹாம் நகரத்து வில்லா பார்க்கில் பருவம் தொடங்கிற்று. காரி நெவில், பில் நெவில், நிக்கி பட், பால் ஸ்கோல்ஸ் ஆகிய நால்வரும் தொடக்கத்திலேயே களமிறங்கினர். பில்லுக்குப் பதினெட்டு வயது, மற்ற மூவருக்கும் இருபது. இடைவேளைக்குள் ஆஸ்டன் வில்லா மூன்று கோல்களைப் போட்டுவிட்டது. இடைவேளையில் பில் நெவிலுக்குப் பதிலாக வந்த இருபது வயது டேவிட் பெக்காம், ஆட்டம் முடியும் தறுவாயில் தொலைவிலிருந்து ஒன்றைப் போட்டு மானத்தை ஓரளவு காத்தார். அன்றிரவு பி.பி.சி. தொலைக்காட்சியில், பழைய லிவர்பூல் சிரேஷ்டரான ஆலன் ஹான்ஸன், பையன்களை வைத்துக்கொண்டு எதையும் ஜயிக்க முடியாதென்று தீர்ப்புக் கூறினார். அந்தத் தீர்ப்புக்காக அவரை அடுத்த வருஷமே நையாண்டி செய்யத் தொடங்கிய உலகம் இன்றளவும் ஓய்ந்தபாடில்லை.

என் அபிப்பிராயத்தில் இது ஹான்ஸனுக்கு இழைக்கப்பட்ட அநீதி. ஆடியில் விதைத்ததை ஆவணியில் அளப்பதற்கு மரக்கால் தேடினார் என்ற வரையில் அவர் குற்றவாளிதான். ஆனால் அவர் சொன்னதில் பாதிக்கு மேல் மெய். அன்றைய களத்தில் கான்டொனா இல்லை, ஸ்டீவ் புரூஸ் இல்லை, ரயன் கிக்ஸ் இல்லை, ஆன்டி கோல் இல்லை. அந்தப் பருவ முடிவில் பட்டத்தை ஜயித்த யுனைடெட் கோஷ்டியிலோ, பையன்களுக்குப் பின்னே கோல் வாயிலில் ஷ்மைக்கேலும், அவருக்கு முன்னே புரூஸ், பாலிஸ்டர், இர்வின் என்ற அநுபவசாலிகளும், நடுவே ராய் கீனும், எல்லாருக்கும் மேலே, அக்டோபர் முதல் தேதி லிவர்பூலுக்கு எதிராகத் திரும்பிவந்து, இரண்டாவது நிமிஷத்தில் நிக்கி பட்டுக்குக் கோல் போட வழிசெய்து, பிற்பாடு பெனால்டியில் தாமே ஒன்றைப் போட்டு ஆட்டத்தைச் சமன்செய்த கான்டொனாவும் இருந்தார்கள். அந்த லீக் பருவத்தில் கான்டொனா போட்ட கோல்கள் 14, ஸ்கோல்ஸ் 10, பெக்காம் 7. பையன்களால் ஜயித்தார்களா, பெரியவர்களால் ஜயித்தார்களா என்ற கேள்விக்கு இந்தக் கணக்கு இருபட்சத்துக்கும் சாட்சி சொல்லும்.

மேலும், வெற்றி பெற்ற பையன்களை மட்டும் எண்ணிப் பார்ப்பது ரசிகர்களின் பழைய வழக்கம். ஸால்ஃபோர்டின் ‘தி க்ளிஃப்’ பயிற்சி மைதானத்தில் எரிக் ஹாரிஸன் என்ற கண்டிப்பான ஆசிரியரிடம் பாடம் கேட்டு, 1992ஆம் வருஷத்து இளைஞர் கோப்பையைக் கிறிஸ்டல் பாலஸிடமிருந்து வென்றவர்களில் பென் தார்ன்லியும் ஒருவர். அவர்களுள் மிகச் சிறந்தவர்களில் ஒருவரென்று கருதப்பட்ட அவர், 1994 ஏப்ரலில் ரிஸர்வ் ஆட்டமொன்றில் முழங்காலில் பலத்த காயம்பட்டு, பழைய வேகத்தை மீண்டும் பெறவேயில்லை. இன்னொருவரான கீத் கில்லெஸ்பி, ஆன்டி கோலை வாங்கும் பேரத்தில் விலையின் ஒரு பகுதியாக 1995 ஜனவரியில் நியூகாஸிலுக்குக் கொடுக்கப்பட்டு, விதியின் விளையாட்டைப் போல, அடுத்த பருவத்தில் யுனைடெட்டுக்கு முன்னே ஓடிக்கொண்டிருந்த கோஷ்டியிலேயே ஆடினார். 1993இல் பெக்காமும் ஸ்கோல்ஸும் ஆடிய யுனைடெட் இளைஞர்களை இறுதியாட்டத்தில் இருமுறையும் தோற்கடித்துக் கோப்பையைக் கொண்டுபோன லீட்ஸ் இளைஞர்களின் பெயர்களை இன்று அந்த ஊருக்கு வெளியே எத்தனை பேர் அறிவார்கள்? பதினெட்டு வயதில் மேலானவன் இருபத்தெட்டிலும் மேலானவனாய் இருப்பான் என்பதற்கு உத்தரவாதம் எங்குமே இல்லை.

இன்னொன்றையும் அந்த வாதங்களில் பலர் கவனிக்கத் தவறினர். பையன்களின் பிரவேசத்துக்குப் பெர்கூஸனின் துணிவோடு ஐரோப்பியக் கால்பந்துச் சங்கத்தின் சட்டமும் காரணம். ஐரோப்பியப் போட்டிகளில் அந்நிய நாட்டார் மூவரும், அந்த நாட்டிலேயே வளர்ந்து பழகிய இருவரும் தவிர வேறு அந்நியர்களை இறக்கக் கூடாது என்ற விதியின்படி, ஸ்காத்லாந்துக்காரரும் வேல்ஸ்காரரும் அயர்லாந்துக்காரரும்கூட இங்கிலாந்துக் கழகத்துக்கு அந்நியரே. 1994 நவம்பரில் பார்ஸிலோனாவில் ஷ்மைக்கேலை வெளியே உட்காரவைத்து, நான்கு கோல்களை வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பிய பெர்கூஸனுக்கு, இங்கிலாந்தில் பிறந்த வாலிபர்கள் வேண்டியிருந்தார்கள். ஆடம்பரமாக அல்ல, அவசியமாக. அதற்குச் சற்று முன், செப்டம்பரில், சிறு கழகமான போர்ட் வேலுக்கு எதிரே லீக் கோப்பை ஆட்டத்தில் அவர் பையன்களை நிறுத்தியபோது, பேர்போனவர்களைப் பார்க்கப் பணம் கொடுத்த ஜனங்கள் ஏமாற்றப்பட்டார்களென்று அந்த வட்டாரத்துப் பார்லிமெண்ட் அங்கத்தினரே குறைபட்டுக்கொண்டார். ஸ்கோல்ஸ் அன்று இரண்டு கோல் போட்டு ஜயித்துக் கொடுத்தார். நஷ்டஈடு அதைவிட வேறென்ன?

வில்லா பார்க் தோல்விக்குப் பின் வரிசையாக ஐந்து லீக் ஆட்டங்கள் ஜயமாயின. வெஸ்ட் ஹாம், விம்பிள்டன், ப்ளாக்பர்ன், எவர்ட்டன், போல்ட்டன். ப்ளாக்பர்னில் ஜயத்தின் கோல் பெக்காமுடையது. ஆகஸ்டில் வசைபாடிய நாக்குகள் செப்டம்பரில் தோத்திரம் பாடத் தொடங்கியிருந்த சமயத்தில், 20ஆம் தேதி, இளைஞர் பலர் இடம்பெற்ற கோஷ்டி, தாழ்ந்த டிவிஷனைச் சேர்ந்த யார்க் ஸிட்டியிடம் சொந்த மைதானத்திலேயே மூன்று கோல்களில் தோற்றது. வசையும் தோத்திரமும் மறுபடி இடம் மாறின. ஒரு மாதத்துக்குள் இத்தனை தீர்ப்புகள்! அவற்றுள் எதையும் பொய்யென்று சொல்வதற்கில்லை. ஒவ்வொன்றும் அந்தந்த நாளுக்கு உண்மையாகவே இருந்தது.

பிறகு நடந்தது பலரும் அறிந்த கதை. ஜனவரியில் பன்னிரண்டு புள்ளிகள் முன்னே நின்ற நியூகாஸிலை மார்ச் 4ஆம் தேதி அதன் சொந்த மைதானத்தில் ஷ்மைக்கேலின் கைகளும் கான்டொனாவின் ஒற்றைக் கோலும் வீழ்த்தின. மே 5ஆம் தேதி மிடில்ஸ்பரோவில் 82 புள்ளிகளுடன் பட்டம் கைக்கு வந்தது. ஆறு நாள் கழித்து லிவர்பூலுக்கு எதிரான கான்டொனாவின் கோலில் எஃப்.ஏ. கோப்பையும் வந்தது. வில்லா பார்க்கில் அவர்கள் அணிந்திருந்த சாம்பல் நிறச் சட்டையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: அதை அணிந்து ஐந்து ஆட்டங்களில் ஒன்றைக்கூட ஜயிக்காத கோஷ்டி, ஏப்ரலில் ஸௌதாம்ப்டனில் இடைவேளையில் அதைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு சட்டை மாற்றிக்கொண்டது; ஜனக்கூட்டத்தின் பின்னணியில் சகாக்கள் கண்ணுக்குப் புலப்படவில்லையென்று காரணம் சொன்னார்கள். ஆகஸ்டுத் தோல்விக்குப் பையன்களைக் குற்றஞ்சாட்டிய பண்டிதர்களுள் ஒருவராவது தையல்காரரைச் சந்தேகித்ததாகத் தெரியவில்லை.

மேலே சொன்ன அந்நியர் சட்டத்துக்கு அந்தப் பருவத்தின் நடுவிலேயே ஆயுள் முடிந்தது. 1995 டிசம்பர் 15ஆம் தேதி லக்ஸம்பர்க் நகரத்து ஐரோப்பிய நீதிமன்றம், பெல்ஜியத்தில் வேறு கழகத்துக்குப் போகவிடாமல் தடுக்கப்பட்ட ஓர் ஆட்டக்காரரின் வழக்கில் அளித்த தீர்ப்பு, அதை அடியோடு பெயர்த்தது. வழக்காடியவர் பெயர் ஜான் மார்க் பாஸ்மன். அவரால் கோடீசுவரர்களானவர்கள் பலர். அவர் மட்டும் ஆகவில்லை. அந்த விருத்தாந்தத்தை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)