புழக்கடைத் தோட்டமும் மழைமாதச் சமையலும்

கைத்தறி நெசவாளரின் வருமானம் ஆண்டு முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை வலுத்துவிட்டால் குழித்தறியில் நீர் ஊறும். தெருவில் பாவு விரித்துக் கஞ்சி தோய்க்க இயலாது. தோய்த்த பாவும் எளிதில் உலராது. தறி நின்றால் கூலியும் நின்றுவிடும். அதே நாட்களில்தான் சந்தைக்குக் காய்கறி வரத்துக் குறைந்து விலை ஏறுகிறது. சங்கங்களைப் பார்வையிடச் செல்லும்போது அங்கத்தினர்கள் கைமாற்றுக் கடனைப் பற்றி என்னிடம் கூறுவது பெரும்பாலும் இம்மாதங்களைக் குறித்தே. பணம் எதற்குச் செலவாயிற்று என்று வினவினால், மளிகையும் காய்கறியும் தவறாமல் இடம்பெறும்.

ஆகவே வீட்டுத் தோட்டம் போட விரும்புவோர், எந்தச் செடி விரைவில் காய்க்கும் என்பதிலிருந்து தொடங்க வேண்டுவதில்லை. மழைமாதத்தில் அடுப்பில் என்ன வேக வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்து, அங்கிருந்து பின்னோக்கி மாதங்களை எண்ணி விதைக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட உணவு வழிகாட்டியில், வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்குக் காய்கறியும் கீரையுமாக 400 கிராமும், பழம் 100 கிராமும் கூறப்பட்டுள்ளன. நால்வர் உள்ள வீட்டிற்குக் காய்கறி மட்டும் 1,600 கிராம் ஆகிறது. நெசவாளர் தெருக்களில் வீட்டின் பின்புறம் எஞ்சும் 20 அடி நீளமும் 10 அடி அகலமுமான புழக்கடை இவ்வளவையும் தந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கூலி இல்லாத வாரங்களில் குழம்புச் சட்டி வெறுமையாகாமல் காக்க அவ்விடம் உதவும்.

மழைக்கென்று முதலில் நினைக்க வேண்டியது பரங்கி. ஆனி முதல் வாரத்தில் இரண்டு குழிகளில் விதைத்தால் ஐப்பசியில் முற்றிய காய் கிடைக்கும். நகம் இறங்காத அளவு தோல் கடினப்பட்டு, காம்பு உலர்ந்த பின்னர் காம்போடு அறுத்து, ஈரம் படாத பரணில் அடுக்கினால் இரண்டு மாதத்திற்குக் குறையாமல் இருக்கும். பெரும்பாலான காய்களுக்கு இந்தப் பொறுமை இல்லை! கடலைப் பருப்புச் சேர்த்துக் கூட்டாகவும், புளிவிட்டுக் குழம்பாகவும் சமைக்கலாம்.

அடுத்தது பந்தல் அவரை. பகற்பொழுது குறுகும்போதுதான் இது பூக்கும். தை மாதத்தில் விதைத்துவிட்டுக் கொடி மண்டிக் காயே இல்லை என்று வருந்துவோர் இக்குணத்தை அறியாதவர். ஆடியில் விதைத்தால் கார்த்திகை தொடங்கித் தை வரையில் பறிக்கலாம். அசுவினி கண்ட கொடியில், பனி ஈரம் காயுமுன் அடுப்புச் சாம்பலைத் தூவுவது பழைய வழக்கம். முற்றிய காயை எறியாமல் பருப்பை உரித்துக் குழம்பில் சேர்க்கவும்.

முருங்கை, கறிவேப்பிலை, வாழை, பொன்னாங்கண்ணி ஆகியவற்றிற்கு அதிகம் கூற வேண்டியதில்லை. மழைக்குப் பின் முருங்கையில் கம்பளிப்பூச்சி ஏறும் என்பதை மட்டும் நினைவில் வைத்து, மரத்தை வாசற்படியை ஒட்டி நடாதிருத்தல் நலம். கத்தரிக்குப் பாத்தியைவிட மேட்டுப்பார் நல்லது. வேரடியில் நீர் தேங்கினால் செடி நிற்காது. தளர்ந்து தொங்கும் நுனித்தண்டின் உள்ளே புழு இருக்கும். அதைக் கிள்ளி அழித்துவிட வேண்டும்.

தண்ணீருக்கு அரிசி களைந்த நீரும் பாத்திரம் கழுவிய நீருமே பெருமளவு போதும். ஆனால் வீட்டில் சாயம் தோய்க்கும் அங்கத்தினர்களுக்கு ஓர் எச்சரிக்கை. காரமும் உப்பும் கலந்த சாயக்கழிவு நீரை ஒருபோதும் பாத்தியில் விடலாகாது. மண் இறுகிக் கெடுவதோடு, அதில் விளையும் கீரையும் உண்ணத் தகுந்ததன்று. நொய்யல் ஆற்றுப் பாசன உழவர்கள் சாயக்கழிவினால் பட்ட பாடும், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டதும் நாடறிந்தவை. நம் கொல்லையில் சிறிய அளவில் அதையே செய்தல் தகுமா?

தோட்டம் எங்கே நிற்கும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தார் சுற்றுவது, சமைப்பது, பிள்ளைகளைக் கவனிப்பது எனப் பெண்களின் கையில் ஏற்கெனவே வேலை நிறைந்திருக்கிறது. களையெடுப்பையும் அவர்கள் தலையிலேயே சுமத்தினால் தோட்டம் ஆவணியிலேயே காய்ந்துவிடும். பந்தல் கட்டுவதும் குழி எடுப்பதும் ஆண்கள் பொறுப்பாகவே இருக்கட்டும்.

இனி வற்றலுக்கு வருவோம். மழைமாதத்து உணவைச் சித்திரை வெயிலில் சேமிக்கும் இக்கலையை நம் வீட்டு மூதாட்டிகள் நன்கறிவர். மாசியில் விதைத்த கொத்தவரை சித்திரையில் காய்க்கும். பிஞ்சாகப் பறித்து, உப்பு நீரில் அரைவேக்காடாக வேகவைத்து வடித்து, பாயில் பரப்பி, ஒடித்தால் சடக்கென்று ஒடியும்வரை உலர்த்த வேண்டும். மணத்தக்காளிக் காய்க்கும் சுண்டைக்காய்க்கும் முறை வேறு. சுண்டைக்காயை இலேசாகத் தட்டிக்கொள்ள வேண்டும். உப்பிட்ட புளித்த மோரில் ஊறவைத்து, பகலில் வெயிலிலிட்டு, மாலையில் மீண்டும் அதே மோரில் போட வேண்டும். மோர் முழுவதும் வற்றிய பின்னரும் நன்றாக உலர்த்தி ஜாடியில் இடலாம். புரட்டாசியில் ஒருநாள் வெயில் காட்டிவிட்டால் மழையில் பூசணம் பிடிக்காது. நல்லெண்ணெயில் வறுத்துப் புளிக்குழம்பில் இட்டால் அன்றைக்கு வேறு காய் தேவையில்லை. வற்றலில் உப்பு மிகுதி என்பதால் இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அளவோடு கொள்ளவும், குழம்பில் உப்பைக் குறைக்கவும் வேண்டும்.

விதை வாங்குவதில்தான் சங்கம் துணைசெய்ய இடமிருக்கிறது. ஒரு கிராம் கத்தரி விதையில் 200 விதைகளுக்கு மேல் இருக்கும். ஒரு வீட்டிற்கு வேண்டியதோ பத்துச் செடி. ஒவ்வொருவரும் ஒரு பொட்டலம் வாங்கிப் பாதியை வீணாக்குவதற்குப் பதில், தெருவிற்கு ஒரு வீட்டில் நாற்றங்கால் விட்டுப் பகிர்ந்துகொள்ளலாம். அவரை, பரங்கி விதைகளை வேளாண் அங்கத்தினர்களிடமே பெறலாம். கத்தரி நாற்று 30 முதல் 35 நாட்களில் நடவுக்கு வரும். ஆடியில் நட வேண்டுமானால் ஆனித் தொடக்கத்தில் விதை கையில் இருக்க வேண்டும். எனவே வைகாசி மாத நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே எத்தனை வீடுகள், எவ்வளவு விதை என்று குறித்துக்கொள்வது வசதியாயிருக்கும்.