கடனை இடம் மாற்றுதல்

இலங்கை வேந்தன் கலங்கிய கலக்கத்துக்குக் கடன்பட்டவனின் நெஞ்சை உவமையாக்கும் ஓர் அடியைக் கம்பன் வாக்கென்று நம் மேடைகளிலே பலரும் எடுத்தாள்வர். கம்பராமாயணத்துள் அதைத் தேடிப் புகுவோர்க்கு அது அகப்படுவதில்லை. யார் பாடியிருப்பினும் உவமை பொருத்தமானதே. ஆயினும் பாடியவர் நெஞ்சைப் பார்த்தாரேயன்றிக் கணக்கைப் பார்த்தாரல்லர். வருவாய் குறைந்த குடும்பமொன்று கடனிலிருந்து வெளிவர வழி தேடும்போது, அந்த நெஞ்சக் கலக்கமே கணக்கை மறைத்துவிடுகிறது.

2009 இல் போர் ஓய்ந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் நுண்நிதிக் கம்பனிகள் ஊர் ஊராக நுழைந்தன. காணி ஈடு வேண்டாம், நகை வேண்டாம்; அயலிலுள்ள பெண்கள் சிலர் ஒரு குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நின்றாற் போதும். வாரந்தோறும் படலையடிக்கே வந்து தவணைப் பணத்தை அறவிட்டுச் செல்வர். வங்கியின் வாயிலை மிதித்தறியாத பெண்களுக்கு இது பெரிய வசதியாகத் தோன்றியதில் வியப்பில்லை.

வன்னியிலே 2018 ஆம் ஆண்டளவில் வாழ்ந்த ஒரு குடும்பத்தை மனத்தில் நிறுத்திக்கொள்வோம். பெயர் வேண்டியதில்லை. கணவன் கூலி வேலை செய்பவன். வேலையில்லா நாட்கள் அவனுக்குப் பல. மனைவி 50,000 ரூபா கடன் பெற்றிருக்கிறாள். நூற்றுக்கு 24 வட்டி, ஓராண்டுத் தவணை. வட்டி 12,000 ரூபா. ஆக 62,000 ரூபாவை 52 வாரங்களிலே கட்டித் தீர்க்கவேண்டும். வாரமொன்றுக்கு ஏறக்குறைய 1,192 ரூபா. இங்கே ஒன்று மறைந்திருக்கிறது. வாரந்தோறும் முதலில் ஒரு பகுதி திரும்பிப் போய்க்கொண்டிருக்க, வட்டியோ ஆண்டு முழுவதற்கும் 50,000 ரூபாவுக்கே போடப்படுகிறது. சராசரியாக அவள் பயன்பாட்டில் இருந்த தொகை அதிற் பாதியளவே. குறைந்து வரும் நிலுவைக்குக் கணக்கிட்டால் வட்டி வீதம் நூற்றுக்கு 40 ஐயும் தாண்டிவிடும். கணித ஆசிரியர்கள் இதனை ஒருமுறை கரும்பலகையில் எழுதிக் காட்டினால், தண்ணீர்த் தொட்டி நிரம்பும் கணக்குகளிலும் பார்க்க அது பயன்தரும்.

வரட்சி வருகிறது; இரண்டு தவணைகள் தவறுகின்றன. அறவிட வந்தவர் முற்றத்தில் நிற்கிறார். பிணை நின்ற பெண்களும் தம் தலையில் விழுந்துவிடுமோ என்றஞ்சிச் சூழ்ந்து நிற்கின்றனர். அன்றைய அவமானத்திலிருந்து தப்ப அவள் மீற்றர் வட்டிக்காரரிடம் 10,000 ரூபா வாங்குகிறாள். மாதம் 1,000 ரூபா வட்டி. ஓராண்டில் அந்த வட்டி 12,000 ரூபாவாகிறது. ஐம்பதினாயிரத்துக்குக் கம்பனி வாங்கியதும் அதே 12,000 தான்! அங்கே ஆண்டு முடிவில் முதலும் தீர்ந்துவிடும். இங்கே முதலில் ஒரு சதமேனும் குறைவதில்லை. கடன் தீர்ந்ததென்று அன்று மாலை அவள் பெருமூச்சு விட்டிருப்பாள். கடன் தீரவில்லை, இடம் மாறியது. மாறிய இடமோ முன்னையதிலும் கொடியது.

அதே ஆண்டில் அரசாங்கம் ஒரு நிவாரணத்தை அறிவித்தது. வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களிலே, 100,000 ரூபாவுக்கு மேற்படாத நுண்நிதிக் கடன் பெற்று, மூன்று மாதங்களாகத் தவணை தவறியிருந்த பெண்களின் கடனைத் தள்ளுபடி செய்வதென்பது அதன் சாரம். நுண்நிதிக் கடன் வட்டிக்கு நூற்றுக்கு 35 என்ற உச்ச வரம்பும் விதிக்கப்பட்டது. நல்ல காரியமே. ஆனால், நமது பெண்மணியின் நிலையைப் பாருங்கள். அவள் தவணை தவறவில்லை. மீற்றர் வட்டிக்கு வாங்கியல்லவா கட்டினாள்! ஆகவே கம்பனிக் கடனுக்கு அவள் நிவாரணம் பெறத் தக்கவளல்லள். மீற்றர் வட்டிக் கடனோ எந்த ஏட்டிலும் பதியப்படாதது. அதற்கு நிவாரணம் என்ற பேச்சே இல்லை. இந்தத் துன்பம் தமிழ்ப் பகுதிக்கு மட்டும் உரியதுமன்று. 2021 மார்ச் 8 ஆந் திகதி பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையிலே பெண்கள் நுண்நிதிக் கடன்களை நீக்கக் கோரிச் சத்தியாக்கிரகம் தொடங்கி, வாரக்கணக்கில் வீதியோரம் அமர்ந்திருந்தனர்.

நிவாரணம் என்பது துன்பத்தின் அளவைப் பார்த்து வருவதில்லை. கடனின் வடிவத்தைப் பார்த்தே வருகிறது. ஆதலால் ஒரு கடனை இன்னொன்றாக மாற்றுமுன், பழைய வடிவத்தில் நமக்கிருந்த பாதுகாப்புப் புதிய வடிவத்திலும் உண்டா என்று கேட்டாக வேண்டும். ‘மாதத் தவணை குறையும்’ என்ற ஒரு சொல்லுக்கே நம்மவர் மயங்கிவிடுகின்றனர். எத்தனை மாதம் என்று கேட்பவர் சிலரே.

அடைவிலிருக்கும் நகையை எடுத்துக்கொள்வோம். மகளின் சீதனத்துக்கென்று வைத்த சங்கிலி வங்கியிலே கிடக்கிறது. ஆண்டுதோறும் வட்டியைக் கட்டி அடைவைப் புதுப்பிப்பார்கள். அந்த வட்டிக்கும் கைமாற்று வாங்குவார்கள். அதை மீட்டு விற்று, எஞ்சும் பணத்தால் மீற்றர் வட்டியை அடியோடு அடைப்பதே பெரும்பாலும் இலாபம் என்பது என் கருத்து. ‘பிள்ளையின் நகையை விற்றுத் தின்றார்கள்’ என்று ஊர் சொல்லும். சொல்லட்டும், அந்த ஊர் மாதம் 1,000 ரூபா கட்டப் போவதில்லை. கம்பனியிடமும் ஒளித்துத் திரியாமல், வருவாய் இவ்வளவு, வாரத்துக்கு இவ்வளவே கட்ட இயலும் என்று எழுத்தில் கேட்டு, பிரதியொன்றை வைத்துக்கொள்வது நல்லது. ஊரிலே சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் ஒழுங்காக இயங்குமாயின் அதனையும் நாடலாம். இந்நாட்டிலே கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு 1911 இலேயே சட்டம் பிறந்தது குடியானவரின் கடன் சுமையை மனத்திற் கொண்டுதான்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது காணி உறுதி. நகை போனால் நகையோடு போகும்; காணி போனால் அடுப்பு மூட்டவும் இடமில்லை. கடன் கொடுப்பவர் மூன்று வகையாக எழுதுவிக்கலாம். ஈடாக எழுதினால் காணி கடன்பட்டவருக்கே உரியது. கொடுத்தவர் நீதிமன்றம் சென்றே தம் பணத்தை அறவிட வேண்டும். 1707 இல் தொகுக்கப்பட்ட தேசவழமையிலே காணும் ஒற்றியும் இத்தகையதே: வட்டிக்கு ஈடாக விளைவைக் கொடுத்தவர் அனுபவிப்பார், உரிமை மாறுவதில்லை. இரண்டாவது, இத்தனை ஆண்டுக்குள் பணத்தைத் திருப்பினால் மீளலாம் என்ற நிபந்தனையோடு உரிமையையே மாற்றி எழுதுவது. 1941 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த கடன் இணக்கச் சபை இவ்வகைக் கடன்களுக்காகவும் இரு பகுதியாரையும் அழைத்து இணக்கத்துக்கு முயலும். ஆனால் மீட்புத் தவணை முடியுமுன்னரே விண்ணப்பிக்க வேண்டும். இந்த ஒரு செய்தியை அறியாமையால் தவணை கடந்தபின் சட்டத்தரணியைத் தேடி ஓடுவோர் உளர்.

மூன்றாவது அறுதி. ‘எழுத்திலே அறுதியாக இருக்கட்டும், பணம் வந்ததும் திருப்பி எழுதித் தருவேன்’ என்பார் கொடுப்பவர். அவர் நல்லவராகவும் இருக்கலாம். அவர் பிள்ளைகள் எப்படியோ! காணி பற்றிய உடன்படிக்கை நொத்தாரிசு முன்னிலையில் எழுத்திலே அமையவேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். வாய்ச்சொல்லை நம்பியவர், உண்மையில் அது விற்பனை அன்று என நீதிமன்றத்தில் வழக்காடி நிலைநாட்ட வேண்டியவராகிறார். வாரத்துக்கு 1,192 ரூபா கட்ட இயலாதவர் அந்த வழக்கை எதனைக் கொண்டு நடத்துவார்?

கிராமங்களிலே இத்தகைய உறுதிகள் பல, எழுதப்படுமுன் ஓர் ஆசிரியரின் வீட்டு விறாந்தைக்கு வருவதுண்டு. மாதச் சம்பளம் பெறுபவர் என்பதால் பிணைக் கையெழுத்துக் கேட்டோ, சாட்சிக்கு அழைத்தோ வருவார்கள். கையெழுத்தைப் பற்றி யோசிக்குமுன், அந்தக் கடதாசியை வாங்கி, அது ஈடா, நிபந்தனையோடு கூடிய மாற்றமா, அறுதியா என்று முதலிற் பார்த்து, வந்தவருக்குப் புரியும்படி உரக்க வாசித்துக் காட்டுங்கள். மீட்புத் தவணை என்று திகதி ஏதும் இருந்தால், அதை அவர் வீட்டு நாட்காட்டியிலே குறித்து வைக்கச் சொல்லுங்கள்.