கரன்ட் திரும்பும் நொடியில் அந்தப் பின் எப்படி இருக்கும்?

எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டாரை நான் கட்டிய ஒரு இ.எஸ்.பி.32 போர்டுதான் போட்டு நிறுத்துகிறது. மொட்டைமாடித் தொட்டியில் ஒரு ஃப்ளோட் சுவிட்ச், மாடிப்படி முடிவில் போர்டு, வைஃபை வழியாக என் போனுக்குத் தகவல். சில மாதங்கள் ஒழுங்காக ஓடியது. பிறகு கரன்ட் போய் வரும்போது சில நாள் போர்டு எழுந்திருக்கும், சில நாள் எழுந்திருக்காது. கழற்றி மேசைக்குக் கொண்டுவந்தால் ஒரு கோளாறும் தெரியாது.

கடைசியில் லேப்டாப்பை மாடிக்கே தூக்கிக்கொண்டு போய்ச் சொருகிப் பார்த்தேன். "ஃப்ளாஷ் ரீட் எர்ர், 1000" என்ற வரி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அன்று தொட்டி விளிம்புவரை நிறைந்திருந்தது. அப்போதுதான் பிடிபட்டது: தொட்டி நிறைந்திருக்கும் நேரத்தில் கரன்ட் வந்தால் மட்டுமே இந்தத் தகராறு.

ஃப்ளோட் சுவிட்சை நான் 12-ஆம் பின்னில் கொடுத்திருந்தேன். தொட்டி நிறைந்தால் சுவிட்ச் மூடும், பின்னுக்கு 3.3 வோல்ட் போகும். இ.எஸ்.பி.32 சிப்போ, எழும்போது முதல் வேலையாக அந்த 12-ஆம் பின்னைப் பார்த்துத்தான், புரோகிராம் இருக்கும் ஃப்ளாஷுக்கு 3.3 வோல்ட் கொடுப்பதா 1.8 வோல்ட் கொடுப்பதா என்று முடிவெடுக்கிறது. பின்னில் மின்னழுத்தம் இருந்தால் 1.8. என் போர்டில் இருப்பது 3.3 வோல்ட் ஃப்ளாஷ். அதைப் படிக்க முடியாமல் சிப் தடுமாறியது. என் புரோகிராமில் ஒரு பிழையும் இல்லை. அது ஓடத் தொடங்கும் முன்பே காரியம் கெட்டுவிட்டது.

பின்களை அமைப்பது என்றால் எது இன்புட், எது அவுட்புட் என்று இரண்டு வரி எழுதுவது என்றே பெரும்பாலோர் நினைக்கிறோம். அந்த வரிகளுக்கு முந்தைய அரை நொடியை முதலில் யோசிக்க வேண்டும் என்பேன். 0, 2, 5, 12, 15 ஆகிய ஐந்து பின்களையும் சிப் எழும்போது படிக்கிறது. 0-ஆம் பின் கிரவுண்டில் இருந்தால் புரோகிராமை ஓட்டாமல், புதிய புரோகிராம் ஏற்றுவதற்காகக் காத்து நிற்கும். 6 முதல் 11 வரை ஃப்ளாஷோடு பேசும் கம்பிகள், அவற்றைத் தொடவே கூடாது. 1, 3 இரண்டும் கம்ப்யூட்டரோடு பேச. கவலையில்லாமல் பயன்படுத்த 18, 19, 21, 22, 23, 25, 26, 27, 32, 33 இருக்கின்றன. ஒரு வீட்டு வேலைக்கு இவையே தாராளம்.

இன்புட்டுக்கு வருவோம். எதனோடும் இணைக்காத இன்புட் பின் பூஜ்யம் காட்டும் என்று நம்பிவிடாதீர்கள். அது அந்தரத்தில் தொங்கும். பக்கத்தில் விரலைக் கொண்டுபோனாலே 0, 1 என்று மாறி மாறிக் காட்டும். அதை ஒரு பக்கமாக இழுத்துப் பிடிக்கத்தான் புல்-அப் ரெசிஸ்டர். சிப்புக்குள்ளேயே ஒன்று உண்டு, சுமார் 45 கிலோஓம். 'இன்புட் புல்-அப்' என்று அமைத்தால் அது வேலை செய்யும். சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் இருந்தால் இது போதும். மாடியிலிருந்து பத்து மீட்டர் ஒயர் வருகிறது என்றால் இந்த இழுப்பு பலவீனம், பக்கத்தில் மோட்டார் ஒயர் ஓடினால் பொய்த் தகவல் வரும். வெளியே 4.7 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று போடுங்கள். 34 முதல் 39 வரையுள்ள பின்களுக்கு உள்ளே புல்-அப்பே கிடையாது. அவை அவுட்புட்டாகவும் மாறா.

இந்த சிப்பில் எந்தப் பின்னுக்கும் 3.3 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. 5 வோல்ட் தரும் சென்சாரை 10 கிலோஓம், 20 கிலோஓம் ரெசிஸ்டர்களால் பிரித்து இறக்கிய பிறகே கொடுக்க வேண்டும். அனலாக் அளவு எடுப்பவர்கள் 32 முதல் 39 வரையுள்ள பின்களுக்குள் நின்றுகொள்வது நல்லது. மற்ற அனலாக் பின்கள் இரண்டாவது ஏடிசியைச் சேர்ந்தவை. வைஃபையும் அதையே பயன்படுத்துவதால், நெட்வொர்க் ஓடும்போது அவற்றின் அளவை நம்ப முடியாது.

அவுட்புட்டில் பார்க்க வேண்டியது கரன்ட்டின் அளவு. ஒரு பின்னிலிருந்து 20 மில்லிஆம்பியருக்குள் எடுப்பதே பத்திரம். சாதாரண 5 வோல்ட் ரிலேயின் காயில் மட்டுமே சுமார் 70 கேட்கும். அதனால் நடுவில் டிரான்சிஸ்டரும், காயில் அணையும்போது எழும் மின்னழுத்தத் தாவலைத் தாங்க ஒரு டயோடும் வேண்டும். மோட்டாரை அந்தச் சின்ன ரிலேயோடு நேராகக் கோக்காதீர்கள். ரிலே கான்டாக்டரை இயக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். 230 வோல்ட் வேலைக்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இங்கேயும் அதே அரை நொடிதான். புரோகிராம் வந்து 'இது அவுட்புட்' என்று சொல்லும்வரை பின் யார் பிடியிலும் இல்லை. அதற்குள் ரிலே 'டக்'கென்று ஒருமுறை அடித்து மோட்டார் உதறிவிட்டு நிற்கலாம். டிரான்சிஸ்டரின் பேஸிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோஓம் ரெசிஸ்டர் போட்டால், போர்டு எழும்வரை ரிலே அசையாது. புரோகிராம் செய்ய முடியாத காவலை அந்தச் சின்ன ரெசிஸ்டர் செய்கிறது.

நெட்வொர்க் அறுந்தால் அவுட்புட் என்ன செய்ய வேண்டும் என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள். போனிலிருந்து 'மோட்டார் போடு' என்று வந்தது, பிறகு வைஃபை போனது, 'நிறுத்து' வந்து சேரவே இல்லை என்றால்? என் போர்டில் மோட்டார் 25 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓடாது. நிறுத்தும் முடிவை போர்டே எடுக்கும், போனைக் கேட்காது.

கோளாறைச் சரிசெய்தபோது ஒயரை 12-இலிருந்து 27-க்கு மாற்றியதோடு விடவில்லை. ஃப்ளோட்டைத் தலைகீழாக மாட்டினேன். இப்போது தொட்டியில் இடம் இருக்கும்வரை சுவிட்ச் மூடியிருந்து பின்னை கிரவுண்டில் வைத்திருக்கும், நிறைந்தால் திறக்கும். ஏன் இந்த மாற்றம் என்றால், என்றாவது அணில் ஒயரைக் கடித்தாலும், இணைப்பில் துரு பிடித்தாலும், புல்-அப் பின்னை மேலே இழுத்துவிடும். போர்டு அதைத் 'தொட்டி நிறைந்துவிட்டது' என்று படித்து மோட்டாரை நிறுத்தும். முன்பு இருந்த இணைப்பில் ஒயர் அறுந்திருந்தால் தண்ணீர் மாடி முழுக்க வழிந்திருக்கும்.

பிறகு தொட்டியை நிறைத்து வைத்துக்கொண்டு மெயின் சுவிட்சைப் பத்து முறை அணைத்துப் போட்டேன். பாதித் தொட்டியில் பத்து முறை, ஒயரைக் கழற்றிவிட்டு ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் போர்டு எழுந்தது, ரிலே சத்தம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.