வறட்சியும் வெப்பமும் நெற்கதிரும்

சிறுபோகத்தின் இறுதியில் வன்னி வயல்வெளியொன்றின் வழியே செல்லும் வெளியூரவர், கதிர்கள் நிமிர்ந்து நிற்பதைக் கண்டு விளைவு நன்றென எண்ணுதல் கூடும். கமக்காரரோ அக்காட்சியைக் கண்டு மனங்கலங்குவார். மணி நிறைந்த கதிர் தலைசாயும்; நிமிர்ந்து நிற்பது பதர். தாளும் இலையும் வளர்ந்திருக்க, மணி மட்டும் பிடியாமற் போவது எதனால்? பூக்கும் வேளையில் வறட்சியும் கடும் வெப்பமும் ஒருங்கே வருதல் இதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்றாகும்.

இவ்விரண்டையும் தனித்தனித் துன்பங்களாகக் கருதி, நட்டத்தைக் கூட்டிக் கணக்கிடுவது நம் வழக்கம். பயிரின் கணக்கு அவ்வாறன்று. நெற்பயிர் வேரால் உறிஞ்சும் நீரின் மிகச் சிறு பகுதியையே தன் உடலாக்கிக் கொள்கிறது. எஞ்சியது இலைவாய்கள் எனப்படும் நுண்டுளைகளின் வழியே ஆவியாகிச் செல்கிறது. இதனை ஆவியுயிர்ப்பு என்பர். இது வீண் செலவன்று. மட்பானையிலுள்ள நீர் எவ்வாறு குளிர்கின்றதோ, அவ்வாறே பயிரும் நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக் கொள்கிறது. ஆதலால் வயலில் நீர் இருக்குமாயின் வெயிலை அது ஓரளவு தாங்கும்.

மண் காய்ந்ததும், உள்ள நீரைக் காக்கும்பொருட்டுப் பயிர் இலைவாய்களை மூடிக்கொள்கிறது. உடனே குளிர்ச்சி குன்றி, இலையும் கதிரும் சூடேறுகின்றன. காபனீரொட்சைட்டும் அவ்வழியாகவே உட்புக வேண்டுமாதலின், உணவாக்கமும் தளர்கிறது. வறட்சி மட்டும் வந்தால் இவ்வாறு மூடிக்கொண்டு சில நாள் பொறுத்திருக்கலாம். வெப்பமும் உடன் வந்தாலோ, நீரைக் காத்த செயலே சூட்டை வளர்க்கும் செயலாகிவிடுகிறது.

இத்தாக்கம் மிகக் கொடியதாவது பூக்கும் நாட்களிலேயாம். நெற்பூ பெரும்பாலும் முற்பகலில், ஏறக்குறைய ஒரு மணி நேரமே விரிந்திருக்கும். அந்நேரத்தில் வெப்பநிலை 35 பாகை செல்சியசுக்கு மேற்படின், மகரந்தம் சிந்துவதும் முளைப்பதும் தடைப்படும். கருவுறாத பூ பதராகும். பின்னர் மழை பெய்தாலும் அது மணியாகாது.

ஏனைய தானியங்களும் இத்துன்பத்துக்கு விலக்கல்ல. 2010ஆம் ஆண்டுக் கோடையில் உருசியாவின் கோதுமை வயல்களை வறட்சியும் வெப்பமும் ஒருசேரத் தாக்கின. விளைவு முந்திய ஆண்டிலும் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைந்தது. ஆகஸ்டு மாதத்தில் அந்நாடு தானிய ஏற்றுமதியை நிறுத்தவே, உலகச் சந்தையில் விலை ஏறியது. கோதுமையை இறக்குமதி செய்தே உண்ணும் நமக்கு அவ்வெயில் அயலாருடையது மட்டுமன்று.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் இறுதியில் மழை பொய்த்தபோது குளங்கள் நிரம்பவில்லை. பல வயல்கள் விதைக்கப்படவுமில்லை. 2016இல் ஏறக்குறைய 44 இலட்சம் தொன்னாக இருந்த நெல் விளைவு, 2017இல் ஏறக்குறைய 24 இலட்சம் தொன்னாயிற்று. இத்தகைய ஆண்டுகளில் இருக்கும் நீரைக்கொண்டு செய்யத்தக்கது யாது?

முதலாவது, பூக்கும் வாரம் கடும் வெயிலில் விழாதவாறு விதைப்பு நாளைக் குறித்தல். மூன்று மாதத்திலும் அதற்குக் குறைந்த காலத்திலும் விளையும் நெல்லினங்கள் இதற்கு உதவும். இரண்டாவது, தொடக்கத்தில் நீரைத் தாராளமாகச் செலவிடாது, குடலைப் பருவத்துக்கும் பூக்கும் பருவத்துக்குமென ஒதுக்கி வைத்தல். மூன்றாவது, பயிரிடும் நிலத்தைக் குறைத்தல். குளத்துக்கு அண்மையிலுள்ள வயல்களை மட்டும் அனைவரும் பங்கிட்டுப் பயிரிடும் பெத்ம முறை இந்நாட்டில் நெடுங்காலமாக வழங்குவது.

இம்மூன்றாவதே மிகக் கடினமானது. தன் வயலைத் தரிசாக விட்டு, பிறர் வயலிற் பங்கு பெற ஒருவர் இணங்க வேண்டும். தலைவாய்க்காலை அடுத்திருப்பவர் தம் நிலத்தைப் பிறர்க்கு விட்டுக்கொடுக்க வேண்டும். ஆயினும் எல்லா வயலையும் விதைத்துப் பூக்கும் வாரத்தில் காயவிடுவதிலும், பாதி வயலை விதைத்து நிறைவாக அறுப்பது மேலானது. விளைவு பொய்த்த ஆண்டுகளில் பாடசாலை வரவுப் பதிவேட்டில் வெற்றிடங்கள் பெருகுவதை நான் கண்டிருக்கிறேன். போகத் தொடக்கத்திற் கூடும் கமக்காரர் கூட்டத்தில் எடுக்கப்படும் முடிவு, வயலோடு நின்றுவிடுவதில்லை.