பியானோ இல்லாத நால்வர்: அன்றும் இன்றும்

1952-இல் லாஸ் ஏஞ்சல்ஸின் வில்ஷயர் சாலையில், அம்பாசடர் ஹோட்டலுக்கு எதிரே, ‘ஹெய்க்’ என்று ஒரு சின்ன ஜாஸ் கிளப் இருந்தது. அங்கே வாசித்த நால்வர் குழுவின் தலைவர் ஜெர்ரி மல்லிகனுக்கு அப்போது வயது 25. அவருடைய வாத்தியம் பாரிடோன் சாக்ஸபோன். டியூக் எலிங்டன் குழுவில் ஹாரி கார்னி அதை எவ்வளவோ உயரத்துக்குக் கொண்டுபோயிருந்தும், பொதுவாக அதற்குப் பெரிய குழுக்களின் ஓரத்தில்தான் இடம். மல்லிகன் அதை மேடையின் முன்னால் நிறுத்தினார்.

கூட சேட் பேக்கர் டிரம்பெட், பாப் விட்லாக் பாஸ், சிகோ ஹாமில்டன் டிரம்ஸ். பியானோ கிடையாது. அந்தத் துணிச்சல்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. சுரக்கூட்டுகளை அடுக்கித் தர ஆளில்லாதபோது, பாஸ் இடும் ஒவ்வொரு சுரமும் பாட்டின் வழியைக் காட்டியாக வேண்டும். பேக்கர் மெட்டைப் பிடித்தால் மல்லிகன் கீழே இன்னொரு மெட்டை இழைப்பார். நடுவில் வெற்றிடம் இருக்கும். அதை நிரப்ப யாரும் அவசரப்படுவதில்லை. ‘பெர்னிஸ் ட்யூன்’ தொடக்கத்தில் இரண்டு குழல்களும் சேர்ந்து மெட்டை எடுக்கும் இடத்தைக் கேளுங்கள். இரண்டும் தனித்தனியாகத் தெளிவாகக் கேட்கும்.

பசிபிக் ஜாஸ் நிறுவனம் வெளியிட்ட 10 அங்குல இசைத்தட்டில் எட்டே உருப்படிகள். நான்கு முடிந்ததும் எழுந்துபோய்த் திருப்பிப் போட வேண்டும். மறு வருஷமே மல்லிகன் போதைப்பொருள் வழக்கில் சிறை போக, அந்தக் கூட்டணி கலைந்தது.

இன்று ஹெய்க் இல்லை. எதிரே இருந்த ஹோட்டலையும் இடித்துவிட்டார்கள். 1968-இல் அங்கே சுடப்பட்ட ராபர்ட் கென்னடியின் பெயரில் பள்ளி வளாகம் நிற்கிறது. மல்லிகன் 1996-இல் காலமானார். ஆனால், அவர் எடுத்துவைத்த அடி நிலைத்துவிட்டது. 1959-இல் ஆர்னெட் கோல்மனும் பியானோ இல்லாத நால்வரோடுதான் ஜாஸின் போக்கைத் திருப்பினார். இன்று பாரிடோன்காரர் தன் பெயரில் குழு நடத்தினால் யாரும் வியப்பதில்லை. இப்போதைய பாரிடோன்கள் பலவற்றில் இன்னும் ஒரு சுரம் கீழே இறங்க விசை உண்டு. மல்லிகன் வாசித்த, கான் (Conn) நிறுவனத்தின் வாத்தியத்தில் அது இல்லை. இசையில் அந்தக் குறை தெரியவே தெரியாது.

அந்த எட்டு உருப்படிகளும் இப்போது கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. அதன் ஒலிபெருக்கியில் மட்டும் கேட்காதீர்கள். பாஸ் காணாமல் போய்விடும், அதோடு பாதி இசையும் போய்விடும். நல்ல ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முதல் தடவை விட்லாக்கின் பாஸை மட்டும் பின்தொடருங்கள்.